கூரைக்குச் சாமான் எவ்வளவு? வாசகர் கேள்வி பதில்

செங்கோட்டையில் ஓடு வேய்கிற குடும்பம் எங்களுடையது. 16 வயதில் அப்பாவுக்கு ஏணி பிடிக்கப் போனேன். இப்போது எனக்கு 61. ஓட்டு வேலை குறைந்த காலத்தில் தகர ஷீட், கலர் ஷீட், காங்கிரீட் தளம் எல்லாம் கற்றுக்கொண்டு செய்தேன். கூரை பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்பச் சொல்லி போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான்: எவ்வளவு சாமான் வாங்குவது? அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. படிக்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தொழிலில் சதுரம் என்றால் 100 சதுர அடி, அதாவது பத்துக்குப் பத்து.

கேள்வி: வீட்டின் முன்பக்கம் 24 அடி நீளம், 10 அடி அகலத் திண்ணைக்கு மேல் மங்களூர் ஓட்டில் சாய்ப்பு இறக்கப்போகிறோம். சுவரில் 13 அடி உயரத்தில் தொடங்கி, முன்னால் தூணில் 8 அடிக்கு இறங்கும். மேஸ்திரி 350 ஓடு போதும் என்கிறார். ஓட்டுக் கடைக்காரர் 500 என்கிறார். கடைக்காரர் விற்பதற்காகச் சொல்கிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது.
ஒரு வாசகர், கடையநல்லூர்

பதில்: கடைக்காரர் சொன்னதுதான் சரி. மேஸ்திரி எப்படி 350-க்கு வந்தார் என்பதும் எனக்குத் தெரிகிறது. 24-ஐ 10-ஆல் பெருக்கினால் 240 சதுர அடி. சதுரத்துக்கு 140 ஓடு என்பது எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லும் வாய்க்கணக்கு. இரண்டேகால் சதுரத்துக்குக் கொஞ்சம் மேலே, அதற்கு 336 ஓடு. உடைசலுக்கு 14 சேர்த்தால் 350. பெருக்கலில் தவறே இல்லை. ஆனால் அவர் அளந்தது திண்ணைத் தரையை. ஓடு உட்காரப்போவது அதற்கு மேலே சரிந்து நிற்கும் கைமரத்தில்.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். தனியாக நான் எடுத்த முதல் வேலை இலஞ்சியில் ஒரு வீடு. தரையை அளந்து கணக்குச் சொன்னேன். இறவாணத்திலிருந்து, அதாவது கூரையின் கீழ் ஓரத்திலிருந்து, மேலே ஏறி ஏறி வேய்ந்து, முகட்டுக்கு நாலு வரி மிச்சம் இருக்கும்போது ஓடு தீர்ந்துவிட்டது. அது ஐப்பசி மாதம். அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது. இரண்டு ராத்திரி தார்ப்பாய்க்குக் கீழே அவர்கள் தூங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் வந்த ஓடு வேறு அச்சு. பழைய ஓட்டின் காடியில் புது ஓடு உட்காரவில்லை. மேல் நாலு வரி ரீப்பரை, அதாவது ஓடு உட்காரும் குறுக்குச் சட்டத்தை, பிரித்து, அந்த ஓட்டுக்கு ஏற்ப இடைவெளியை மாற்றி அடித்தோம். அன்றிலிருந்து தரை அளவை மட்டும் வைத்து யாருக்கும் கணக்குச் சொன்னதில்லை.

இனி உங்கள் சாய்ப்புக்கு வருவோம். தூணோடு ஓடு நின்றுவிடாது. மழைத் தண்ணீர் திண்ணையில் தெறிக்காமல் இருக்க இறவாணம் ஒன்றரை அடியாவது முன்னால் நீள வேண்டும். பக்கங்களிலும் ஒவ்வொரு அடி விடுவோம். ஆகவே நீளம் 26 அடி. சுவரிலிருந்து இறவாண ஓரம் வரை படுக்கை மட்டத்தில் 11½ அடி. உங்கள் சரிவு 10 அடிக்கு 5 அடி இறக்கம். அந்த விகிதத்தில் 11½ அடிக்கு 5¾ அடி இறங்கும். சரிந்த நீளம் எவ்வளவு என்று பார்க்க, சுவரிலிருந்து இறவாண ஓரம் வரை ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி அளந்தாலே போதும். காகிதத்தில் போட்டால் 12 அடி 10 அங்குலம் வரும். அங்குலத்தில் 154.

இப்போது ஓட்டைக் கையில் எடுங்கள். வழக்கமான மங்களூர் ஓடு ஏறத்தாழ 16 அங்குல நீளம், ஒன்பதேகால் அங்குல அகலம். ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காருவதால், ஒரு வரி மூடுவது சுமார் 12½ அங்குலம். பக்கவாட்டில் ஒரு ஓடு மூடுவது எட்டேகால் அங்குலம். அடி வரி முழு ஓடாக 16 அங்குலம் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 138 அங்குலத்துக்கு 11 வரி. மொத்தம் 12 வரி. நீளவாக்கில் 312 அங்குலத்தை எட்டேகாலால் வகுத்தால் 38 ஓடு. 12 × 38 = 456. புது ஓடு லாரியில் வந்து இறங்கி மேலே ஏறுவதற்குள் நூற்றுக்கு ஐந்து உடையும் என்று வைத்தால் 480. இன்னும் 20 ஓட்டை வாங்கிக் கொல்லைப்புறச் சுவரோரம் நிற்க வைத்துவிடுங்கள். ஐந்து வருஷம் கழித்துத் தேங்காய் விழுந்து நாலு ஓடு உடைந்தால், அதே அச்சு ஓடு கடையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆக 500.

நான் சொன்ன 12½, எட்டேகால் எல்லாம் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறும். அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் கடையிலேயே ஆறு ஓட்டை எடுத்துத் தரையில் மேலும் கீழுமாகக் கோர்த்து வையுங்கள். முதல் ஓட்டின் அடி ஓரத்திலிருந்து ஆறாவது ஓட்டின் அடி ஓரம் வரை, நெருக்கித் தள்ளி ஒரு தடவை, இழுத்துவிட்டு ஒரு தடவை அளங்கள். இரண்டுக்கும் நடுவில் வருவதை ஐந்தால் வகுத்தால் அதுதான் ஒரு வரிக்கு உங்கள் அளவு. ரீப்பர் இடைவெளியும் அதே அளவுதான். கடைக்காரர் அவசரப்படுத்துவார், பரவாயில்லை, அளந்துவிடுங்கள்.

மரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ரீப்பர் 12 வரி ஓட்டுக்கு 12, இறவாண ஓரத்துக்குத் தனியாக ஒன்று, ஆக 13 வரி, வரிக்கு 26 அடி, மொத்தம் 338 அடி. ஒட்டுக்கும் வெட்டுக்கும் சேர்த்து 375 அடி வாங்குங்கள். இறவாண ஓரத்து ரீப்பர் மட்டும் மற்றதைவிட ஒரு ஓட்டுக் கனம் உயரமாக இருக்க வேண்டும். அந்த வரிக்குக் கீழே தாங்குவதற்கு வேறு ஓடு கிடையாது, உயர்த்தாவிட்டால் கடைசி வரி தலை கவிழ்ந்து நிற்கும். கைமரம் இரண்டு அடிக்கு ஒன்று வீதம் 14, ஒவ்வொன்றும் 13 அடி. ஐந்துக்கு இரண்டு அங்குலக் கட்டை என்றால் ஒரு மரத்துக்குக் கிட்டத்தட்ட 0.9 கன அடி, பதினாலுக்கும் சேர்த்து 12.6 கன அடி. மரக்கடையில் கன அடிக் கணக்கில்தான் விலை சொல்வார்கள். ஒரு ஓடு சுமார் இரண்டரை கிலோ. 456 ஓடு என்றால் 1,100 கிலோவுக்கு மேல். அது முழுவதும் அந்தக் கைமரங்கள் மேல்தான் நிற்கப்போகிறது. மரத்தில் மட்டும் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள்.

சாய்ப்புச் சுவரோடு சேரும் இடத்தில் 26 அடிக்குத் தகடு வேண்டும். மேல் ஓரத்தைச் சுவரில் காடி எடுத்துச் செருகிப் பூசிவிடுங்கள். இது யார் கணக்கிலும் வராமல் விட்டுப்போகும்.

கேள்வி: மொட்டை மாடியில் 30 அடிக்கு 20 அடி இடத்தில் இரண்டு பக்கமும் சரிவாகக் கலர் ஷீட் போடுகிறோம். நடு முகடு ஓரத்தைவிட இரண்டரை அடி உயரம். 12 அடி ஷீட் 15 போதும் என்று நானே கணக்குப் போட்டேன். வெல்டிங் பட்டறைக்காரர் 20 கேட்கிறார். ஐந்து ஷீட் அதிகமாக வாங்கி ஏமாறுகிறேனா?
ஒரு வாசகர், மதுரை

பதில்: ஏமாறவில்லை, தம்பி. 600 சதுர அடியை ஒரு ஷீட்டின் பரப்பான 42-ஆல் வகுத்திருக்கிறீர்கள். ஷீட் விஷயத்தில் பரப்பைப் பரப்பால் வகுப்பது ஒத்துவராது. வரிசையாக அடுக்கித்தான் எண்ண வேண்டும்.

கடையில் மூன்றரை அடி அகலம் என்பார்கள். பக்கத்து ஷீட் மேல் ஒரு மேடு ஏறிவிடுவதால் உண்மையில் மூடுவது ஒரு மீட்டர்தான், அதாவது மூன்றேகால் அடிக்குக் கொஞ்சம் மேல். முப்பது அடியோடு இரண்டு பக்கமும் ஓர் அடி வெளியே விட்டால் 32 அடி. அது 9¾ மீட்டர். முக்கால் ஷீட்டை யாரும் விற்க மாட்டார்கள், ஆகவே ஒரு சரிவுக்கு 10. சரிந்த நீளம், ஒன்றரை அடி இறவாணத்தோடு, 12 அடிக்குச் சற்றுக் குறைவு. 12 அடி ஷீட் சரியாக உட்காரும், நடுவில் ஒட்டு வராது. இரண்டு சரிவுக்கு 20.

இதில் உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. 10 ஷீட் 33 அடி வரை மூடும். எப்படியும் 10 வாங்குகிறீர்கள், கூரையை 33 அடியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆசைப்பட்டு 34 அடி என்று போய்விட்டால் ஒவ்வொரு சரிவுக்கும் பதினோராவது ஷீட் வேண்டும். ஓர் அடிக்காக இரண்டு முழு ஷீட். தூணுக்குப் பிளேட் பதிக்கும் முன்பே இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஷீட்டைத் தாங்கும் குறுக்குப் பைப்பான பர்லின் நாலு அடிக்கு ஒன்று என்றால் சரிவுக்கு நாலு வரி, மொத்தம் எட்டு. 33 அடி வீதம் 264 அடி. பைப் 20 அடி நீளத்தில் வரும். 14 பைப் வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும். ஸ்க்ரூ, ஷீட்டுக்கு ஒரு வரியில் நாலு வீதம் 320. பக்க ஒட்டுக்கும் முகட்டு கேப்புக்கும் சேர்த்து 400. ரப்பர் வாஷர் உள்ள ஸ்க்ரூவாக இருக்கட்டும். மேட்டில் அடிக்கச் சொல்லுங்கள். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் பாதையிலேயே ஓட்டை போட்ட மாதிரி. முகட்டு கேப், ஒவ்வொரு ஒட்டிலும் அரை அடி ஏற வேண்டும். 33 அடியை 33 அடியாக வாங்கினால் பற்றாது.

அப்புறம் கனம். 0.50 மி.மீ. என்று பில்லில் இருந்தால், பெயின்டும் பூச்சும் சேர்த்தா அல்லது உள்ளே இருக்கும் இரும்பு மட்டுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சேர்த்துத்தான் சொல்வார்கள். சந்தேகம் தீர ஒரு 12 அடி ஷீட்டைத் தராசில் ஏற்றுங்கள். மொத்தக் கனம் 0.50 என்றால் 16-லிருந்து 17 கிலோவுக்குள் நிற்கும். 15-ஐ ஒட்டி நின்றால் உங்கள் கையில் இருப்பது 0.45.

கேள்வி: கஜா புயலில் எங்கள் ஷீட் கூரை பறந்துபோய்த் தென்னந்தோப்பில் கிடந்தது. இப்போது திரும்பப் போடுகிறோம். மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்லும் கணக்கு எங்களுக்கும் பொருந்துமா?
ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: மேலே மதுரைக்காரருக்குச் சொன்ன ஷீட் கணக்கு பொருந்தும். அதைப் பிடித்து வைக்கிற சாமான் கணக்கு பொருந்தாது. 2018 நவம்பர் 16-க்குப் பிறகு ஒரு மாதம் உங்கள் பக்கம் வந்து வேலை செய்தேன். கிழிந்த ஷீட்டைவிட, பர்லின் பைப்போடு சேர்ந்து மொத்தமாகக் கிளம்பிய கூரைகளைத்தான் அதிகம் பார்த்தேன். காற்று ஷீட்டை மேலிருந்து அமுக்குவதில்லை. இறவாணத்துக்குக் கீழே புகுந்து தூக்குகிறது. ஓரமும் முகடும்தான் முதலில் விடும்.

அதனால் 12 அடிச் சரிவில் நாலு வரி பர்லினுக்குப் பதில் ஐந்து வரி வையுங்கள். இடைவெளி ஓரத்தில் 2 அடி, நடுவில் நாலும் நாலும், முகட்டுப் பக்கம் 2 அடி. எல்லா வரியிலும் எல்லா மேட்டிலும் ஸ்க்ரூ. ஒரு ஷீட்டில் ஐந்து மேடு என்றால் 20 ஷீட்டுக்கு 500, மற்றதற்கு 100. ஆக 400 வாங்கும் இடத்தில் 600. இறவாணத்தை ஒன்றரை அடியிலிருந்து ஒரு அடியாகக் குறைத்துவிடுங்கள். மழைச் சாரல் கொஞ்சம் உள்ளே வரும்தான். தூண் பிளேட்டைக் காங்கிரீட்டில் பிடிக்கும் போல்ட் ஒரு தூணுக்கு நாலு. இரண்டு போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி: தாத்தா காலத்து ஓட்டு வீடு. பிரித்து, மரத்தை மாற்றி, அதே ஓட்டை மறுபடி வேய ஆசை. புது ஓடு எத்தனை வாங்கி வைத்துக்கொள்வது?
ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பிரித்து இறக்கும் வரை ஒரு ஓடுகூட வாங்காதீர்கள். இறக்கிய ஓட்டை ஒவ்வொன்றாகக் கையில் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்ல ஓடு. மொத்தையாகக் கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது, தனியாக வையுங்கள். பழைய ஓட்டில் நூற்றுக்கு 15, 20 போகும் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். இறக்குகிறவர்கள் மேலிருந்து வீசினால் அது 40 ஆகும். கைமாற்றிக் கைமாற்றி இறக்கச் சொல்லிக் கூலியைக் கொஞ்சம் கூடக் கொடுத்துவிடுங்கள்.

ஓட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தொழிற்சாலைப் பெயர் அச்சாகி இருக்கும். 1865-இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். அங்கிருந்துதான் இந்த ஓட்டுக்கே அந்தப் பெயர். பிறகு கோழிக்கோட்டுப் பக்கம் பெரோக்கிலும் வேலை நடந்தது. உங்கள் தாத்தா வாங்கிய அச்சு இன்று கிடைக்காமல் போகலாம். அதனால் ஒரு பழைய ஓட்டைப் பையில் எடுத்துக்கொண்டு போய், கடை ஓட்டோடு கோர்த்துப் பார்த்த பிறகுதான் வாங்க வேண்டும். கோர்க்காவிட்டால் ஒரு வழி இருக்கிறது. நல்ல பழைய ஓடு எல்லாவற்றையும் ஒரு சரிவுக்கு வைத்துக்கொண்டு, மறு சரிவு முழுவதும் புது ஓடாகப் போட்டுவிடுங்கள். ஒரே சரிவில் இரண்டு அச்சைக் கலந்தால் கட்டாயம் ஒழுகும்.

கேள்வி: எட்டு சதுரத்துக்குக் காங்கிரீட் தளம், ஐந்து அங்குலக் கனம். சிமெண்ட் 75 மூட்டை வாங்கச் சொல்கிறார்கள். போதுமா? தட்டோட்டுக்குப் பதில் கூலிங் டைல்ஸ் போட்டால் எத்தனை?
ஒரு வாசகர், திருச்சி

பதில்: 800 சதுர அடிக்கு ஐந்து அங்குலம் என்றால் 333 கன அடி, சுமார் 9.4 கன மீட்டர். சிமெண்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவையில் கன மீட்டருக்கு எட்டு மூட்டை. 76 மூட்டை வருகிறது. எம் சாண்ட் 140 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 280 கன அடி. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, ஆகவே 1.4 யூனிட்டும் 2.8 யூனிட்டும். லாரியில் வந்து இறங்கும் யூனிட் முழுசாக இருக்கிறதா என்று கொட்டுவதற்கு முன்னால் லாரித் தொட்டியை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 75 மூட்டை போதாது. இந்தக் கணக்கில் பீம் வரவில்லை. தளத்துக்குக் கீழே தொங்கும் பீம் ஒன்பதுக்கு ஒன்பது அங்குலம், வீடு முழுக்க 100 அடி நீளம் என்று வைத்துக்கொண்டால் அதுவே 56 கன அடி, இன்னொரு 13 மூட்டை. 90 மூட்டை கையில் இருந்த பிறகுதான் கலவை மிஷினை ஓட்ட வேண்டும். மதியம் மூன்று மணிக்குச் சிமெண்ட் தீர்ந்து, ஆள் கடைக்கு ஓடி, ஐந்து மணிக்கு மறுபடி போட்ட தளங்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். நிறுத்திய இடத்தில் ஒட்டு சரியாகப் பிடிக்காமல், அடுத்த மழைக்கே கோடு போட்ட மாதிரி கசிகிறது. பிறகு என்ன பூசினாலும் அந்தக் கோடு எட்டிப் பார்க்கும். மிஞ்சிய சிமெண்ட் பூச்சு வேலைக்கு ஆகும், வீணாகாது.

கம்பியை மட்டும் சதுரக் கணக்கில் வாங்காதீர்கள். கன மீட்டருக்கு 80-லிருந்து 100 கிலோ என்பது பணம் புரட்டுவதற்கான கணக்கு. வாங்குவதற்கு, பொறியாளர் வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொரு கம்பியாக எண்ண வேண்டும்.

டைல்ஸ் சுலபம். கைப்பிடிச் சுவருக்கு உட்பக்கம் அளங்கள். ஓர் அடிக்கு ஓர் அடி டைல் சதுரத்துக்கு 100, ஒன்பது அங்குலத் தட்டோடு என்றால் 178. ஐந்து சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் 18 இருக்கிறது. வெட்டி மாட்டுக் கொட்டகைக்குப் போட்டால் எத்தனை மிஞ்சும்?
ஒரு வாசகி, தேனி

பதில்: அம்மா, வெட்டாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நாங்கள் அந்தக் காலத்தில் முகத்தில் துண்டுகூடக் கட்டாமல் ரம்பம் போட்டு அறுத்தோம். என்னோடு அறுத்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு சங்கடப்படுகிறது. இறக்க வேண்டியிருந்தால் தண்ணீர் தெளித்து நனைத்து, நல்ல மாஸ்க் போட்டவர்கள், போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்கட்டும். யாரும் ஷீட் மேல் நேரடியாகக் கால் வைக்கக் கூடாது. பழைய ஷீட் சொல்லாமல் உடையும். கீழே கட்டை இருக்கும் வரியில் பலகை போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும். கொட்டகைக்குப் புதுத் தகரம் வாங்கிக்கொள்ளுங்கள். கொட்டகையின் நீள அகலமும் உயரமும் எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. தனியாக இருக்கிறேன். நாலு பக்கமும் சரிந்த ஓட்டு வீடு, இறவாணத்தோடு சேர்த்துத் தரையில் அளந்தால் 33 அடிக்கு 27 அடி. ஓடெல்லாம் பொரிந்துவிட்டது, மாற்ற வேண்டும். வேலைக்கு எடுத்தவர் 2,200 ஓடு என்கிறார். மேலே ஏறி அளக்க எனக்கு முடியாது. கீழே நின்றே சரிபார்க்க வழி உண்டா ஐயா?
ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: உண்டு அம்மா. இந்தக் கடிதம் வந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். இறவாணத்தையும் சேர்த்து அளந்திருக்கிறீர்கள் பாருங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

முதலில் சரிவு. இறவாணத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கைமரம் கைக்கு எட்டும். ஓர் அடி ஸ்கேலின் ஒரு முனையைக் கைமரத்தின் அடிப்பக்கத்தில் வைத்து, ஸ்கேலை மட்டமாகப் பிடியுங்கள். பாதி தண்ணீர் நிரப்பிய சின்ன பாட்டிலை ஸ்கேல் மேல் படுக்க வைத்தால் மட்டம் தெரிந்துவிடும். ஸ்கேலின் மறுமுனையிலிருந்து கைமரம் எத்தனை அங்குலம் உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 4 அங்குலம் என்றால் தரைப் பரப்பை 1.05-ஆல் பெருக்க வேண்டும். 5 என்றால் 1.08, 6 என்றால் 1.12, 7 என்றால் 1.16, 9 என்றால் 1.25. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு ஏறினால் 1.41. ஓட்டு வீடுகளில் பெரும்பாலும் 6, 7-க்குள் இருக்கும்.

நாலு பக்கச் சரிவு என்றால் முக்கோணம், சரிவகம் என்று தனித்தனியாகப் பிரித்துக் கணக்குப் போட வேண்டுமோ என்று பயப்படுவார்கள். தேவையே இல்லை. நாலு பக்கமும் ஒரே சரிவாக இருந்தால், மொத்தத் தரைப் பரப்பை அந்த ஒரு எண்ணால் பெருக்கினால் போதும். இரண்டு பக்கச் சரிவானாலும் நாலு பக்கமானாலும் விடை மாறாது. 33 × 27 = 891. உங்கள் சரிவு 6 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 1.12-ஆல் பெருக்கி, ஏறத்தாழ 1,000 சதுர அடி, பத்து சதுரம். சதுரத்துக்கு 140 வீதம் 1,400 ஓடு. நாலு மூலைக் கைமரத்திலும் ஓட்டைச் சாய்வாக வெட்ட வேண்டும், வெட்டும்போது பாதி உடையும், வெட்டிய துண்டும் வேறு இடத்துக்கு ஆகாது. அதனால் இங்கே ஐந்து போதாது, பத்து சதவீதம் வையுங்கள். 1,540.

முகட்டு ஓடு தனி. உங்கள் வீட்டில் நடு முகடு 6 அடிதான். மூலைச் சரிவு ஒவ்வொன்றும் 20 அடிக்குக் கொஞ்சம் மேல், நாலும் சேர்ந்து 81. மொத்தம் 87 அடி. ஒரு முகட்டு ஓடு ஒரு அடிக்குச் சற்று மேல் மூடும். 80 வேண்டும், உடைசலுக்கு 5. வீட்டில் முற்றமோ, இரண்டு சரிவு சேரும் கூடல்வாயோ இருந்தால் எனக்கு எழுதுங்கள். கூடல்வாய்க்குத் தகடு போட வேண்டும், ஓட்டுக் கணக்கும் மாறும்.

2,200-க்கு அவர் எப்படி வந்தார் என்று தெரியவில்லை. ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி, அடி வரியில் எத்தனை ஓடு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மையாகக் கணக்குப் போட்டவர் என்றால் அந்த இரண்டு எண்ணையும் உடனே சொல்வார்.

நீங்களும் ஒரு வேலை செய்யுங்கள். காலை வெயிலில் தெருவில் தள்ளி நின்று, 33 அடிப் பக்கத்தை போனில் படம் எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்து இறவாண வரியில் எத்தனை ஓடு இருக்கிறது என்று எண்ணுங்கள். 48 வர வேண்டும். வந்தால் வழக்கமான அச்சு, 1,540 என்று சொல்லிவிடலாம். 44, 45 என்று குறைந்தால் உங்கள் வீட்டு ஓடு பெரிய அச்சு. அதே அச்சில் வாங்கினால் ஓடு குறையும், ஆனால் வழக்கமான ஓட்டை வாங்கினால் இப்போது இருக்கும் ரீப்பர் எதற்கும் பொருந்தாமல் போகும், ரீப்பரையும் மாற்ற வேண்டிவரும். ஓட்டுக்கு ஆர்டர் சொல்வதற்கு முன்னால் அந்தப் படத்தையும் எண்ணிய எண்ணிக்கையையும் பத்திரிகை முகவரிக்கு அனுப்பிவையுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.